கம்பஸ் போகும் பிள்ளைக்கு ஸ்கொலசிப் எங்கெங்கே கேட்கலாம்? (யாழ்ப்பாணம்)

நெல்லியடியான் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். தங்கச்சிக்கு யாழ். பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவ பீடம் கிடைத்திருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து கம்பஸ் போகும் முதல் ஆள் அவள்தான். அப்பா காலமாகிவிட்டார். அம்மா குத்தகைக் காணியில் வெங்காயம் வைக்கிறா. நான் நெல்லியடியில் ஒரு ஹாட்வெயார் கடையில் நிற்கிறேன்.

சந்தோசம்தான், ஆனால் செலவை நினைத்தால் நித்திரை வருவதில்லை. ஒவ்வொரு நாளும் 750 பஸ்ஸில் யாழ்ப்பாணம் வந்து அங்கிருந்து கம்பஸ் இருக்கிற திருநெல்வேலிக்குப் போவதா, கம்பஸுக்குக் கிட்ட அறை எடுப்பதா என்பதே இன்னும் முடிவாகவில்லை. படிப்பு முழுக்க ஆங்கிலத்தில், லப்டொப் இல்லாமல் சரிவராது என்கிறார்கள்.

ஸ்கொலசிப் பற்றிக் கேட்டால் ஆளுக்கொரு கதை. "மகாபொல (அரச ஸ்கொலசிப்) தன்பாட்டில் வரும்" என்கிறார் ஒருவர். "அதெல்லாம் ஆள் பிடித்தால்தான்" என்கிறார் இன்னொருவர். இதற்குள் டவுனில் ஒரு ஏஜென்சி போன் எடுத்து, வெளிநாட்டில் நூறு வீத ஸ்கொலசிப் எடுத்துத் தருகிறோம் என்கிறது. எங்கள் நம்பர் அவர்களுக்கு எப்படிப் போனதோ கடவுளுக்குத்தான் வெளிச்சம். உண்மையில் எங்கே, எப்போது, என்ன கொண்டுபோய்க் கேட்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பரமேஸ்வராச்சந்தி

தங்கச்சிக்கு வாழ்த்துகள். நான் அதே பீடத்தில் படித்து வெளியே வந்தவள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மகாபொல தன்பாட்டில் வராது, விண்ணப்பித்தால்தான் வரும். குடும்ப வருமானத்தையும் உயர்தரப் பரீட்சை இசட் புள்ளியையும் பார்த்துத் தெரிவு செய்வார்கள். ஆள் பிடிக்கிற கதை எல்லாம் விண்ணப்பிக்கப் பஞ்சிப்பட்டவர்கள் பரப்புவது. 1981 ஆம் ஆண்டின் 66 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த நிதியம் அது, லலித் அத்துலத்முதலி வர்த்தக அமைச்சராக இருந்தபோது தொடங்கியது. திகதியைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் தளத்திலும், எங்கள் கம்பஸின் மாணவர் நலச் சேவைகள் கிளையிலும் பாருங்கள். முகநூலில் யாரோ பகிர்கிற ஸ்கிரீன்சொட்டைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். போன வருடத் திகதி இந்த வருடமும் சுற்றிக்கொண்டிருக்கும்.

தொகை நெடுங்காலமாக மாதம் 5,000 ரூபாயில் கிடந்தது. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 7,500 ஆக்கி அந்த ஏப்ரலிலிருந்து கொடுக்கத் தொடங்கினார்கள். மகாபொல கிடைக்காத, ஆனால் வருமானம் குறைந்த பிள்ளைகளுக்குப் பேர்சரி இருக்கிறது. அதுவும் அப்போது 4,000 இலிருந்து 6,500 ஆனது. ஒருவருக்கு இரண்டில் ஒன்றுதான்.

இன்னும் சில விசயம் முதலே தெரிந்திருக்க வேண்டும். பன்னிரண்டு மாதமும் காசு வராது, வருடத்துக்குப் பத்துத் தவணைதான். முதல் தவணை கைக்கு வர மாதக்கணக்கில் இழுபடும், ஆகவே முதல் அரையாண்டை மகாபொலவை நம்பித் திட்டமிட வேண்டாம். அடுத்த வருடத்துக்கு ஏறாவிட்டால் காசும் நிற்கும், அதையும் தங்கச்சிக்குச் சொல்லி வையுங்கள்.

லப்டொப்பை இப்போதே கடன்பட்டு வாங்காதீர்கள். முதல் அரையாண்டில் நூலகத்துக் கணினியும் ஒரு நல்ல போனும் போதும். என்ன தேவை என்று உள்ளே போனபின் தெரியும்.

---

கச்சேரியடி

அக்கா சொன்னது சரி. நான் கடதாசிப் பக்கத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் பிள்ளைகள் தவறுவது புள்ளியில் அல்ல, இங்கேதான்.

விதானையாரிடம் (கிராம அலுவலர்) வெறுங்கையோடு போகாதீர்கள். (லஞ்சம் சொல்லவில்லை, கடதாசி சொல்கிறேன்.) அப்பாவின் இறப்புச் சான்றிதழ், அம்மாவின் அடையாள அட்டை, குடும்ப அட்டை, குத்தகைக் காணி என்றால் அதற்கு ஏதாவது எழுத்து, அஸ்வெசும (அரச நலன்புரிக் கொடுப்பனவு) கிடைக்கிறதென்றால் அந்தக் கடிதம், உங்கள் சம்பளத்துக்குக் கடை முதலாளியின் கடிதம். விதானையார் வருமானத்தை உறுதிப்படுத்துவார், அதன்மேல் பிரதேச செயலாளரின் கையெழுத்து வேண்டும். கரவெட்டிப் பிரதேச செயலகத்தில் பொதுமக்கள் நாள் பார்த்துப் போனால் ஒரே நாளில் அலுவல் முடியக்கூடும்.

பெயர்களை இன்றைக்கே ஒத்துப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் அம்மாவின் பெயர் 'புஸ்பராணி', அடையாள அட்டையில் 'புஷ்பராணி', வங்கிப் புத்தகத்தில் ஆங்கிலத்தில் வேறொரு எழுத்துக்கூட்டல் என்று இருக்கும். வீட்டில் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். விண்ணப்பம் பார்க்கிறவர் முதலில் கவனிப்பது அதைத்தான். வித்தியாசம் இருந்தால் சத்தியக் கடதாசி ஒன்று முடித்து வையுங்கள். கடைசி நாளில் நொத்தாரிசைத் தேடி ஓடுவது பெரிய கரைச்சல்.

---

வல்லைவெளி

மகாபொலவுக்கு அபிவிருத்தி லொத்தர் சபையின் காசிலும் ஒரு பங்கு போகிறது. எங்கள் அப்பா காலம் முழுக்க சீட்டு வாங்கி ஒரு சதம் விழவில்லை. நான் மகாபொல எடுத்தபோது, "இப்பதான் விழுந்திருக்கு" என்றார்.

---

பரமேஸ்வராச்சந்தி

வல்லைவெளி, உங்கள் அப்பாவுக்கு ஒரு சல்யூட் 😄

---

சுன்னாகம்_பெடியன்

இழையைத் திசை திருப்புகிறேன் என்று குறை நினைக்க வேண்டாம். எனக்குக் கம்பஸ் கிடைக்கவில்லை, வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழே போய்விட்டது. கணிதப் பிரிவில் மூன்று பாடமும் சித்தி. கொழும்பில் தனியார் நிறுவனத்தில் ஐ.ரி. படிக்கலாம் என்று பார்த்தால் கட்டணம் தலை சுற்றுகிறது. எனக்கு ஏதாவது வழி உண்டா, இல்லை மூன்றாம் தரமும் எழுதுவதா?

---

கச்சேரியடி

தம்பி, உங்களுக்கென்றே ஒரு திட்டம் இருக்கிறது: கல்வி அமைச்சின் வட்டியில்லா மாணவர் கடன். 2017 இல் தொடங்கியது. உயர்தரம் சித்தியடைந்து அரச பல்கலைக்கழகம் கிடைக்காத பிள்ளைகள், அமைச்சு அங்கீகரித்த அரச சார்பற்ற நிறுவனங்களில் பட்டப்படிப்புப் படிக்க. வட்டியை அரசாங்கம் பார்க்கும், முதல் தொகையை நீங்கள் படிப்பு முடிந்த பிறகு கட்ட வேண்டும். சும்மா கிடைக்கிற காசு அல்ல, கடன். இதை வீட்டில் தெளிவாகச் சொல்லிவிட்டு இறங்குங்கள். உயர்தரத்தோடு எழுதுகிற பொதுச் சாதாரண பரீட்சைப் புள்ளியும் ஓ.எல். (சாதாரண தர) ஆங்கிலப் பெறுபேறும் பார்ப்பார்கள், இரண்டையும் எடுத்து வையுங்கள். பிணைக்கு ஆளும் வேண்டும். எங்கள் பக்கம் பலர் தடக்குப்படுவது அந்த இடத்தில்தான், அரச சம்பளக்காரர் ஒருவரிடம் முன்கூட்டியே கதைத்து வையுங்கள்.

---

கொக்குவில்_ஸ்டேசன்

தம்பி, கொழும்புக்குப் போக முன் எங்கள் பக்கத்தையும் ஒருக்கால் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் உயர் தொழில்நுட்ப நிறுவகம் இருக்கிறது, எச்.என்.டி. (உயர் தேசிய டிப்ளோமா) படிக்கலாம். திறந்த பல்கலைக்கழகத்தின் பிராந்திய நிலையம் இங்கே பிறவுண் வீதியில். கையால் வேலை செய்ய விருப்பமென்றால் கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம். 'பட்டம்' என்ற பெயர் இல்லை என்று எங்கள் சனம் முகம் சுளிக்கும். சுளிக்கட்டும், கட்டணம் கட்டப் போவது அவர்கள் இல்லையே.

நெல்லியடியான் சொன்ன ஏஜென்சி விசயத்துக்கு வருகிறேன். என் மச்சாளின் மகனுக்கும் இதே மாதிரி அழைப்பு வந்தது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். குளிரூட்டிய அறை, தேத்தண்ணீர், சுவரில் கொடிகள், ஆங்கிலத்தில் கதைக்கிற பிள்ளை. "உங்கள் மகனுக்கு ஸ்கொலசிப் உறுதி" என்று ஒரு கடிதத்தைக் காட்டினார்கள். எனக்குக் கொஞ்சம் ஆங்கிலம் வாசிக்க வரும் என்று கூட்டிக்கொண்டு போனவர்கள், வாசித்துப் பார்த்தேன். முதலாம் வருடக் கட்டணத்தில் மட்டும் 25 வீதத் தள்ளுபடி, அதுவும் குறித்த திகதிக்குள் முற்பணம் கட்டினால். மிச்சம் 75 வீதம், அடுத்த வருடங்கள், விசா, காப்புறுதி, சாப்பாடு எல்லாம் எங்கள் தலையில். "இதுதானே பிள்ளை தள்ளுபடி, ஸ்கொலசிப் எங்கே?" என்று கேட்டேன். "அங்கிள், அங்கே இதைத்தான் ஸ்கொலசிப் என்று சொல்வார்கள்" என்றது அந்தப் பிள்ளை. அதில் பொய்யும் இல்லை. ஆனால் மச்சாள் ஆறு பரப்புக் காணியை ஈடு வைக்க ஆள் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தா.

கடிதத்தில் பார்க்க வேண்டியது: எத்தனை வருடத்துக்கு, கட்டணம் மட்டுமா வாழ்க்கைச் செலவுமா, புள்ளி குறைந்தால் நிற்குமா, முன்கூட்டி என்ன கட்ட வேண்டும். அரசாங்கங்கள் கொடுக்கிற பெரிய ஸ்கொலசிப்புகளுக்கு விண்ணப்பிக்க ஒரு ஏஜென்ட்டும் தேவையில்லை. "விண்ணப்பித்துத் தர" லட்சக்கணக்கில் கேட்டால் எழும்பி வாருங்கள்.

---

பண்ணைப்பாலம்

ஜேர்மனியில் படிப்பே இலவசம். எல்லோரும் ஏன் இந்த மகாபொலக் காசுக்கு இப்படி மினக்கெடுகிறீர்கள்?

---

ரக்கா_லேன்

பண்ணைப்பாலம், அரைவாசிதான் சரி. அங்கே பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்களில் கட்டணம் இல்லை, உண்மை. ஆனால் பாடன்-வூர்ட்டம்பேர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருகிறவர்கள் அரையாண்டுக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும், 2017 இலிருந்து. அதைவிட, மாணவர் விசாவுக்கு ஒரு வருட வாழ்க்கைச் செலவை முடக்கக் கணக்கில் (மாதம் குறித்த தொகைக்கு மேல் எடுக்க முடியாத வங்கிக் கணக்கு) போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்ரெம்பரில் அதை 11,904 யூரோ ஆக்கினார்கள். எங்கள் காசுக்கு நாற்பது லட்சத்துக்கு மேல். வெங்காயக் காணிக்காரர் அதை எங்கே போய் எடுப்பது?

இளமாணிக்கு (முதற் பட்டத்துக்கு) வெளிநாடு போக வசதி குறைந்த பிள்ளைக்கு இங்கிருந்து கிட்டக்கூடிய வழி இந்தியா. ஐ.சி.சி.ஆர். என்கிற இந்தியக் கலாசார உறவுகள் பேரவை வழியாக இலங்கைப் பிள்ளைகளுக்கு இளமாணிக்கு நேரு நினைவு ஸ்கொலசிப், ஐ.ரி.க்கு ராஜீவ் காந்தி, முதுமாணிக்கு மௌலானா ஆசாத் என்று இருக்கின்றன. கட்டணத்தோடு மாதக் கொடுப்பனவு, தங்குமிடத்துக்கும் கொடுப்பனவு. மருத்துவத்துக்குக் கிடையாது, அந்த ஆசையில் போகாதீர்கள். பேரவையின் இணையத்தளத்தில் ஐந்து பல்கலைக்கழகங்கள் வரை தெரிவு செய்யலாம். ஆங்கிலத்தில் ஐந்நூறு சொல்லில் ஒரு கட்டுரையும் எழுதித்தர வேண்டும். கேள்வி இருந்தால் யாழ்ப்பாணத்திலேயே இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது, 2010 இலிருந்து. கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை.

ஆனால் நெல்லியடியானுக்கு என் அபிப்பிராயம் இதுதான்: கையில் கிடைத்த இடத்தை விட்டுவிடாதீர்கள். அரச பல்கலைக்கழகத்தில் கட்டணமே இல்லை. அதுதான் முதல் ஸ்கொலசிப், அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. முதுமாணிக்கு முழுச் செலவோடு வெளியே போகக் கதவுகள் அதிகம், அதைக் கீழே ஒரு பதிவில் எழுதுகிறேன்.

---

ஸ்காபரோ_மாமா

வணக்கம் பிள்ளைகள். கனடாவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊர்ச் சங்கம் ஒவ்வொரு வருடமும் சில கம்பஸ் பிள்ளைகளுக்கு மாதாந்தம் காசு அனுப்புகிறது. நெல்லியடிப் பக்கமும் பழைய மாணவர் சங்கங்கள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கின்றன. தங்கச்சி படித்த பள்ளிக்கூடத்து அதிபரிடம் முதலில் கேளுங்கள். அவருக்குத்தான் எந்தச் சங்கம் எதற்குக் கொடுக்கிறது என்று தெரியும். தொண்டைமானாறு சந்நிதியான் ஆச்சிரமமும் கல்விக்கு உதவுவது ஊரறிந்த விசயம்.

ஒன்று மட்டும் வெளிப்படையாகச் சொல்கிறேன். நாங்கள் கொடுக்கிறவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். ஆகவே பிள்ளை, காசு வாங்குகிற படம் ஒன்று அனுப்ப வேண்டும், ஒரு நன்றிக் கடிதமும். அதற்கே சிலர் முகத்தைத் திருப்புகிறார்கள்.

---

அறிவியல்நகர்

மாமா, மரியாதையோடு சொல்கிறேன். திருப்பத்தான் செய்வோம்.

நான் பொறியியல் பீடம். முதலாம் வருடத்தில் ஒரு அமைப்பு உதவியது, பெயர் வேண்டாம். ஒரு மண்டபத்துக்கு வரச் சொன்னார்கள். பின்னால் பதாகை, அதில் கொடுப்பவரின் பெரிய படம். எங்களை வரிசையில் நிற்க வைத்து, காசோலையை இரண்டு பேரும் பிடித்துக்கொண்டு கமராவைப் பார்க்கச் சொன்னார்கள். என் முறை வந்தபோது வெளிச்சம் சரியில்லை என்று காசோலையைத் திருப்பி வாங்கி இன்னொரு தரம் கொடுத்தார்கள். அன்று பின்னேரமே முகநூலில், "தந்தையை இழந்த வறிய மாணவன்" என்று என் முழுப்பெயரோடு, ஊரோடு. பட்ச் குறூப்பில் யாரோ அதைப் போட்டார்கள். ஒருவரும் நக்கலடிக்கவில்லை. எல்லோரும் திடீரென்று என்னோடு கனிவாகக் கதைக்கத் தொடங்கினார்கள், அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

காசு உதவியது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் தம்பிக்கு அந்த அமைப்பில் விண்ணப்பிக்க நான் விடவில்லை.

---

ஸ்காபரோ_மாமா

தம்பி, நீர் சொல்வது விளங்குகிறது. ஆனால் எங்கள் பக்கமும் கேளும். முன்பு ஒருவரை நம்பி அனுப்பினோம், பாதிக் காசு பிள்ளைகளிடம் போய்ச் சேரவேயில்லை. இங்கே இரவு வேலை செய்து காசு தருகிறவர் "யாருக்குப் போனது?" என்று கேட்டால் நான் என்ன சொல்வது? படம் பெருமைக்கு அல்ல, அத்தாட்சிக்கு.

---

வல்லைவெளி

அத்தாட்சிக்குப் பதாகை எதற்கு மாமா? வங்கிப் பற்றுச்சீட்டு போதாதா?

---

பண்ணைப்பாலம்

வாங்குகிறவர்களுக்கு ரோசம் கூடிவிட்டது. கொடுக்கிறவன் ஒரு படம் கேட்டால் என்ன குறைந்துவிடும்? வேண்டாம் என்றால் வாங்காமல் விடுங்கள். சோற்றுக்கு வழியில்லை, கௌரவத்துக்கு மட்டும்…

*[கடைசி வரி நெறியாளரால் நீக்கப்பட்டது.]*

---

நெறியாளர்

பண்ணைப்பாலம், கருத்தை எழுதுங்கள், ஆளைக் குத்த வேண்டாம். இழை பயனுள்ளதாகப் போகிறது, பூட்ட வைக்காதீர்கள்.

---

பரமேஸ்வராச்சந்தி

மாமா, கணக்கும் மானமும் இரண்டும் காப்பாற்ற வழி இருக்கிறது. காசை நேரே பிள்ளையின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள், இடையில் ஆளே வேண்டாம். பிள்ளை மாணவர் பதிவு இலக்கத்தையும் ஒவ்வொரு அரையாண்டும் பெறுபேற்றையும் சங்கத்துச் செயலாளருக்கு மட்டும் அனுப்பட்டும். உண்மையில் அங்கே படிக்கிறாரா என்று பீடத்து அலுவலகக் கடிதம் ஒன்று கேளுங்கள். கொடுத்தவருக்கு அதைவிட நல்ல அத்தாட்சி கிடையாது. படத்தில் பிள்ளை படிக்கிறதா இல்லையா என்றா தெரியப் போகிறது?

இன்னுமொரு மனக்குறை. சங்கங்கள் எல்லாம் மெடிசினுக்கும் எஞ்சினியரிங்குக்கும் போட்டி போட்டுக் கொடுக்கின்றன. ஒரே மருத்துவ பீடப் பிள்ளைக்கு மூன்று இடத்திலிருந்து வருகிறது. கலைப்பீடத்துப் பிள்ளை, இராமநாதன் நுண்கலைப் பிள்ளை, கைதடியில் சித்த மருத்துவம் படிக்கிற பிள்ளை ஆகியோரைக் கேட்பாரில்லை. "எங்கள் காசில் ஒரு டொக்டர் வந்தார்" என்று சொல்வதில் ஒரு இன்பம் இருக்கிறதுதான். ஆனால் இடைநடுவில் படிப்பை விட்டுவிட்டுக் கடை வேலைக்குப் போகிற பிள்ளைகள் எந்தப் பீடத்தில் அதிகம் என்று கம்பஸைச் சுற்றி இருக்கிற எவரையும் கேட்டுப் பாருங்கள்.

---

ஸ்காபரோ_மாமா

பிள்ளை, வங்கிக் கணக்கு யோசனையை அடுத்த கூட்டத்தில் வைக்கிறேன். பீட விசயம் கொஞ்சம் கஷ்டம், கொடுக்கிறவர்கள் பெயர் சொல்லியே "மெடிக்கல் பிள்ளைக்கு" என்கிறார்கள். ஆனாலும் கதைத்துப் பார்க்கிறேன்.

---

ரக்கா_லேன்

சொன்னபடி முதுமாணிப் பக்கம். இப்போது முதலாம் வருடத்தில் இருப்பவர்கள்தான் இதை வாசிக்க வேண்டும், கடைசி வருடத்தில் வாசித்தால் பிந்திவிடும்.

பிரித்தானியாவுக்குச் செவனிங்: ஒரு வருட முதுமாணி, முழுச் செலவு, ஆனால் குறைந்தது இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும், முடித்தபின் இரண்டு வருடம் நாட்டில் இருக்க வேண்டும். அமெரிக்காவுக்குப் புல்பிரைட், கொழும்பிலுள்ள ஆணைக்குழு ஊடாக. எரஸ்மஸ் முண்டுஸ் கூட்டு முதுமாணிக்கு வேலை அனுபவம் கட்டாயமில்லாத பாடநெறிகள் பல. தெரிவானால் கட்டணம் இல்லை, மாதம் 1,400 யூரோ கொடுப்பனவு. விண்ணப்ப காலம் பெரும்பாலும் ஒக்ரோபருக்கும் ஜனவரிக்கும் இடையில். அவுஸ்திரேலியா அவார்ட்ஸும் பார்க்கலாம்.

இதற்கெல்லாம் சிபாரிசுக் கடிதம் கேட்பார்கள். எங்கள் பிள்ளைகள் நான்கு வருடமும் பின்வாங்கில் இருந்துவிட்டு கடைசி நாளில் விரிவுரையாளரிடம் போய் "சேர், ஒரு கடிதம்" என்றால் அவர் என்ன எழுதுவார்? "இவர் ஒழுக்கமானவர்" என்று இரண்டு வரி எழுதுவார். அது ஒன்றுக்கும் உதவாது. ஒரு சிறு ஆய்விலாவது அவரோடு வேலை செய்திருந்தால் எழுத அவருக்கு விசயம் இருக்கும்.

கடவுச்சீட்டுக்கு முன்பு வவுனியாவுக்கோ கொழும்புக்கோ போக வேண்டியிருந்தது. 2025 செப்ரெம்பரில் யாழ். மாவட்டச் செயலகத்திலேயே பிராந்திய அலுவலகம் திறந்துவிட்டார்கள். சான்றிதழ்களை வெளிநாட்டுக்கு அத்தாட்சிப்படுத்துகிற கொன்சியூலர் அலுவலகமும் அங்கேயே இருக்கிறது. ஆகவே "தூரம்" என்ற சாட்டு இப்போது செல்லாது.

---

நெல்லியடியான்

எல்லோருக்கும் நன்றி. விதானையாரிடம் போய் வந்தாயிற்று. அம்மாவின் பெயரில் கச்சேரியடி சொன்ன அதே பிரச்சினை இருந்தது, சத்தியக் கடதாசி முடிக்கிறோம். பள்ளிக்கூடத்து அதிபர் இரண்டு சங்கங்களின் விலாசம் தந்தார். இரண்டும் "உங்களைப் பற்றி" ஒரு கடிதம் கேட்கின்றன. தங்கச்சி எழுதினதைப் போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

"கல்வி கரையில. கற்பவர் நாள் சில என்பதற்கிணங்க, சிறுவயது முதலே கல்வியில் பேரார்வம் கொண்ட நான், வறுமையின் கோரப்பிடியிலும் மனந்தளராது கற்று, எதிர்காலத்தில் சமூகத்துக்குச் சேவையாற்ற வேண்டும் என்ற உயரிய இலட்சியத்துடன்…"

---

ஓய்வுபெற்ற_வாத்தி

இவ்வளவு நேரமும் வாசித்துக்கொண்டு சும்மா இருந்தேன். இதைப் பார்த்ததும் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

இந்தக் கடிதத்தில் உங்கள் தங்கச்சி எங்கே? வடமராட்சியில் எந்தப் பிள்ளையும் இதை எழுதலாம், எழுதியும் இருக்கிறது. பேச்சுப் போட்டிக்குப் பாடமாக்கின நடை. பிழை பிள்ளையில் அல்ல, நாங்கள் அப்படித்தான் பழக்கினோம். நாலடியார் நல்லதுதான், அதை அங்கேயே இருக்க விடுங்கள்.

அவள் வீட்டில் என்ன செய்கிறாள்? வெங்காயக் கணக்கை யார் பார்க்கிறது?

---

நெல்லியடியான்

ஐயா, கணக்கு அவள்தான். ஓ.எல். படித்த காலத்திலிருந்து ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி வைத்திருக்கிறாள். விதை வெங்காயம், உரம், மருந்து, தண்ணீர் இறைக்கிற மண்ணெண்ணெய், கூலி, சந்தையில் கழிவு, எல்லாம். எந்தப் போகத்தில் நட்டம் என்று அம்மாவுக்கு அவள்தான் சொல்வாள்.

---

ஓய்வுபெற்ற_வாத்தி

அப்படியென்றால் முகாமைத்துவ பீடத்துக்குப் போகிற பிள்ளைக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? கொப்பியிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். கடைசிப் போகத்தில் எவ்வளவு செலவு, எவ்வளவு வரவு, அசல் இலக்கத்தோடு. சந்தையில் நூறு கிலோ கொண்டுபோனால் பத்துக் கிலோவைக் கழிவு என்று தள்ளிவிட்டு தொண்ணூறுக்குக் காசு கொடுக்கிற வழக்கம் அவள் கணக்கில் எத்தனை ரூபாயாக வருகிறது என்று எழுதட்டும். ஏன் முகாமைத்துவம் என்று தனியே ஒரு பந்தி தேவையில்லை, அதிலேயே தெரிந்துவிடும்.

பிறகு காசு எதற்கு: பஸ்ஸுக்கு இவ்வளவு, அறை என்றால் இவ்வளவு, மகாபொல வந்தால் இவ்வளவு குறையும், மிச்சம் இவ்வளவு. கேட்கிற தொகைக்குக் கணக்கு இருந்தால் கொடுக்கிறவர் நம்புவார். 'கோரப்பிடி', 'உயரிய', 'பேரார்வம்' மூன்றையும் வெட்டுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். எழுத்துப் பிழை பார்க்க என்னிடம் அனுப்பலாம், வசனத்தை நான் தொட மாட்டேன். அது அவளுடைய வசனமாகவே போக வேண்டும்.

---

சுன்னாகம்_பெடியன்

ஐயா, கழிவு விசயத்தை எங்கள் அப்பா சந்தையில் கேட்டு அடிபிடி வரை போனது. தங்கச்சி அதைக் கட்டாயம் எழுத வேண்டும்.

நான் வட்டியில்லாக் கடனுக்கு விண்ணப்பிக்கிறேன். பிணைக்குச் சித்தப்பாவைக் கேட்டிருக்கிறேன், யோசித்துச் சொல்கிறேன் என்றார். அது கிடைக்காவிட்டால் எச்.என்.டி.

---

கச்சேரியடி

நல்லது தம்பி. சித்தப்பா யோசிக்கிற இடைவெளியில் எச்.என்.டி. விண்ணப்பத் திகதி போய்விடாமல் பாரும். இரண்டுக்கும் போட்டு வையும், பிறகு ஒன்றை விடலாம்.

---

நெல்லியடியான்

தங்கச்சி கொப்பியை எடுத்துக்கொண்டு இருந்துவிட்டாள். வாத்தி ஐயாவுக்குத் தனிமடலில் அனுப்புகிறோம். கடைசியாக ஒரு கேள்வி: சங்கத்துப் போமில் வங்கி விபரம் கேட்கிறார்கள். அம்மாவின் கணக்கைக் கொடுக்கலாமா? தங்கச்சியிடம் சிறுவர் சேமிப்புப் புத்தகம் மட்டும்தான் இருக்கிறது.

---

ஸ்காபரோ_மாமா

அம்மாவின் கணக்கு வேண்டாம் தம்பி, பிள்ளையின் பெயரிலேயே இருக்கட்டும். அவளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது, அடையாள அட்டையோடு போனால் சாதாரண சேமிப்புக் கணக்காக மாற்றித் தருவார்கள். மகாபொலவுக்கும் அவள் பெயரில் கணக்கு வேண்டித்தான் வரும். பெயரை அடையாள அட்டையில் இருக்கிறபடியே ஆங்கிலத்தில் எழுதுங்கள், இங்கிருந்து அனுப்பும்போது ஓரெழுத்து மாறினாலும் காசு திரும்பி வந்துவிடும்.

---

நெல்லியடியான்

சரி மாமா. திங்கட்கிழமை கடைக்குப் போக முதல் அவளை வங்கிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன்.